மலைக் கணவாய்ப் பயணம்: எங்கே படுக்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்

உங்கள் கேள்வி இதுதான்: நண்பர்கள் எட்டுப் பேர், நான்கு சக்கரமும் இழுக்கும் மூன்று வண்டிகள், ஆறு நாள். 1,900 மீட்டரில் கிளம்பி 3,950, 4,500, 4,900, 4,700 மீட்டர் உயரமுள்ள நான்கு கணவாய்களைக் கரட்டுப் பாதையில் கடக்க வேண்டும். ஐந்து இரவும் கூடாரத்தில். இதற்கு வண்டியில் எதையெல்லாம் மாற்ற வேண்டும், எதையெல்லாம் வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்குவதை அப்புறம் பார்க்கலாம். உங்கள் திட்டத்தில் என் கண்ணில் முதலில் பட்டது வேறு. முதல் இரவு, முதல் கணவாய்க்கு அப்பால் 3,600 மீட்டரில். இரண்டாம் இரவு 4,300 மீட்டரில். கிளம்பிய இடத்திலிருந்து ஒரே பகலில் 1,700 மீட்டர் ஏறிப் படுக்கிறீர்கள், மறுநாள் இன்னும் 700. எட்டுப் பேரில் இரண்டு மூன்று பேராவது இரண்டாம் இரவு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க இது போதும்.

நடந்து ஏறுகிறவனுக்குக் காலே வேகத்தடை. வண்டியில் போகிறவனுக்கு அது இல்லை. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். 4,500 மீட்டரில் ஐந்தில் மூன்று பங்குக்கும் சற்றுக் குறைவு. இந்த மெலிந்த காற்றுக்கு உடம்பு பழக நாள் கணக்கில் நேரம் வேண்டும். ஏமாற்றுகிற விஷயம் என்னவென்றால், உயர நோய் ஏறிய உடனே தெரியாது. பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வரும். மதியம் கணவாயின் உச்சியில் குதித்துக் குதித்துப் படம் எடுத்தவர்கள், இரவு கூடாரத்துக்குள் தலைவலியும் குமட்டலுமாகப் புரண்டுகொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் இருட்டு, குளிர், கீழே இறங்க வேண்டிய பாதையோ கரடு.

உயரப் பகுதி மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு எளிது. 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, படுக்கும் உயரம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் ஒரு இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் போய் வந்தாலும் கணக்கு படுக்கும் இடத்துக்குத்தான். அதனால் ஒரு தாளில் நாள், படுக்கும் உயரம் என்று இரண்டே பத்தி போட்டு எழுதுங்கள். தூரம், பார்க்கும் இடம் எல்லாம் அதற்குப் பிறகு.

கணவாயின் உயரத்தையே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இரண்டு கணவாய்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்கின் உயரம்தான் முக்கியம். ஆல்ப்ஸ் மலையில் 2,757 மீட்டர் ஸ்டெல்வியோ கணவாயைக் கடந்தால் அன்று மாலையே 1,500 மீட்டருக்குக் கீழே இறங்கிப் படுக்கலாம். உயரம் ஒரு பிரச்சினையே இல்லை. மணாலியிலிருந்து லே போகும் பாதை அப்படியல்ல. சுமார் 4,900 மீட்டரில் உள்ள பாரலாச்சா கணவாயைத் தாண்டி இறங்கினாலும் சர்ச்சுவின் முகாம்கள் சுமார் 4,300 மீட்டரில் இருக்கின்றன. அதற்கு அப்பால் 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுங் கணவாய். சர்ச்சு பாதி வழி என்பதால் பலர் முதல் இரவே அங்கே தங்கிவிடுகிறார்கள். மணாலி சுமார் 2,050 மீட்டர். ஒரே நாளில் 2,200 மீட்டர் ஏறிய உடம்போடு படுக்கிறார்கள். அதே பாதையில் 3,200 மீட்டரில் ஜிஸ்பா இருக்கிறது. முதல் இரவை அங்கே கழித்தவர்களுக்கும் கழிக்காதவர்களுக்கும் மறுநாள் காலையில் முகத்திலேயே வித்தியாசம் தெரியும்.

உயரத்தைப் பலகையில் பார்த்து எழுதாதீர்கள், நல்ல வரைபடத்தில் பாருங்கள். லடாக்கில் உள்ள கார்துங் கணவாயின் பலகையில் பல காலம் 5,602 மீட்டர் என்று இருந்தது. அளந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்தது 5,359.

ஒரு இரவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான்கு நண்பர்கள் போயிருந்தோம். ஒருவன் மாலையிலிருந்தே பேச்சைக் குறைத்துவிட்டான். கேட்டால் “ஒன்றும் இல்லை, களைப்பு” என்றான். மற்றவர்களுக்குத் தொந்தரவு தரக் கூடாது என்ற நல்ல மனசு. கூடாரத்தின் மூலைக் கயிற்றை முளையில் கட்டச் சொன்னேன். அவன் பல வருடங்களாகக் கட்டிய முடிச்சு அது. கயிற்றை ஒருமுறை சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான், கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். விரல்களுக்கு வழி மறந்துபோயிருந்தது. அவனை ஒரு நேர்க்கோட்டில், ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னேன். நான்காவது அடியில் சாய்ந்தான். அரை மணி நேரத்தில் கூடாரத்தைப் பிரித்து, இருட்டிலேயே இரண்டு வண்டியும் கீழே இறங்கின. 900 மீட்டர் இறங்கிய பிறகு தண்ணீர் கேட்டுக் குடித்தான், எங்கே இருக்கிறோம் என்று கேட்டான். அந்த நேரம் எனக்கு வந்த நிம்மதியை இன்னும் மறக்கவில்லை.

அந்த நேர்க்கோட்டு நடை மூளை வீங்குவதைக் கண்டுபிடிக்கும் சோதனை. எட்டுப் பேருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு அறிகுறி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது, கூடவே இருமல்; அது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. இந்த இரண்டில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது. உடனே இறங்குவதுதான் முதல் வைத்தியம். வெறும் தலைவலி என்றால் அதற்கு மேல் ஏறாமல் அங்கேயே இருந்து பார்க்கலாம். குறையாவிட்டால் இறங்க வேண்டும். அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உடம்பு பழகுவதற்கு உதவும். ஆனால் அது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். முதல் சில இரவுகள் மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம், இரண்டுமே தூக்கத்தில் மூச்சைக் குறைக்கக்கூடும். தினமும் இரவுச் சாப்பாட்டின்போது ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, “தலைவலி இருக்கிறதா, பசிக்கிறதா” என்று கேளுங்கள். பொதுவாக “எல்லோரும் நல்லா இருக்கீங்களா” என்று கேட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

சரி, இரண்டாவது விஷயம் தண்ணீர். நீங்கள் சொல்லும் உயரத்தில் பாதையின் குறுக்கே ஓடும் ஓடைகளில் பல, மேலே உள்ள பனி உருகி வருபவை. இவற்றுக்கு நேரக் கணக்கு உண்டு. வெயில் ஏற ஏறப் பனி உருகும். அந்தத் தண்ணீர் கீழே வந்து சேர மதியம் தாண்டிவிடும். பின்மதியத்திலும் மாலையிலும் ஓடை உச்சத்தில் இருக்கும், விடியலில் அடங்கிக் கிடக்கும்.

ஒருமுறை மாலை நான்கு மணிக்கு அப்படி ஓர் ஓடையின் கரையில் நின்றோம். தண்ணீர் பால் கலந்ததுபோலச் சாம்பல் நிறம், அடித்தளம் தெரியவில்லை. காதை வைத்துக் கேட்டால் தண்ணீருக்கு அடியில் கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் சத்தம், தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவதுபோல. நீரின் விளிம்பில் தேங்காய் அளவுக் கல் ஒன்றை வைத்துவிட்டு உட்கார்ந்தோம். ஐந்து மணிக்குக் கல் பாதி முழுகியது, ஆறுக்குக் காணவில்லை. கொஞ்சம் மேட்டில் கூடாரம் போட்டுத் தங்கினோம். மறுநாள் காலை ஐந்தரைக்கு வந்து பார்த்தால், அந்தக் கல் கரையில் நீரிலிருந்து இரண்டு முழம் தள்ளி, மேலே கண்ணாடி மாதிரி மெல்லிய பனித்தகடோடு உட்கார்ந்திருந்தது. முதல் நாள் பார்த்து மலைத்த ஓடையை முழங்காலுக்குக் கீழே தண்ணீரோடு பத்தே நிமிடத்தில் கடந்தோம்.

அதனால் பெரிய ஓடைகளைக் காலை பத்து மணிக்குள் கடக்கும்படி முகாம்களை அமையுங்கள். நிறையத் தண்ணீர் என்றால் முதலில் ஒருவர் கம்பை ஊன்றி, நீர் வரும் திசையைப் பார்த்தபடி பக்கவாட்டில் நடந்து பார்க்க வேண்டும். நடக்க முடியாத இடத்தில் வண்டியை விடவே விடாதீர்கள். ஓடும் தண்ணீர் 60 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போய்விடும். எடை அதிகம் என்ற தைரியம் அங்கே உதவாது. முதல் கியரில், லோ ரேஞ்சில் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தனி கியர் நிலை), ஒரே சீரான மெதுவான வேகம். நடுவில் கிளட்சை மிதிக்காதீர்கள். கண்ணாடிகள் இறங்கியிருக்கட்டும். என்ஜின் தண்ணீருக்குள் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கயிறு கட்டி வெளியே இழுத்து, பிறகு பாருங்கள். அக்கரை போனதும் பிரேக்கை லேசாக இரண்டு மூன்று முறை மிதித்து உலர்த்துங்கள்.

இனி வண்டி. நீங்கள் கேட்ட பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், கூரை மேல் கேரியர் எல்லாம் முதல் பயணத்துக்குத் தேவையில்லை. கூரை மேல் கனம் ஏற்றுவதை நான் பயந்தே தவிர்ப்பேன், பக்கவாட்டுச் சரிவில் வண்டி கவிழ அதுவே காரணமாகும். கனமானது எல்லாம் தரையோடு, பின்சீட்டை ஒட்டி, கட்டிப் போட்டு இருக்க வேண்டும். நல்ல டயர், முழு அளவு ஸ்டெப்னி, அழுத்தமானி, காற்றடிக்கும் கம்ப்ரஸர் இவை போதும்.

காசு செலவில்லாத பெரிய முன்னேற்றம் டயரில் காற்றைக் குறைப்பதுதான். தார்ச்சாலையில் 32 பிஎஸ்ஐ வைப்பவர் கற்பாதையில் 24 அளவுக்கு இறக்கினால், டயர் கல்லின் மேல் துள்ளாமல் அதைக் கவ்விக்கொண்டு போகும். பிடிப்பு கூடும், முதுகும் தப்பிக்கும். அதற்கு ஈடாக வேகத்தைக் குறைத்தாக வேண்டும், டயரின் பக்கச்சுவர் உப்பிக்கொண்டு கூரான கல்லில் கிழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டயரின் முகத்தில் ஆணி ஏறினால் பிளக் போட்டு ஓட்டலாம். பக்கச்சுவர் கிழிந்தால் ஸ்டெப்னிதான். இதில் எனக்குப் பிடித்த ஒரு கணக்கு உண்டு. கீழே 30 டிகிரி வெயிலில் 32 வைத்த டயரை 4,500 மீட்டருக்குக் கொண்டுபோனால், வெளிக்காற்று மெலிந்ததால் மானியில் ஆறு பிஎஸ்ஐ கூட வேண்டும். ஆனால் அங்கே குளிர் பூஜ்யம் டிகிரி என்றால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கிக் கிட்டத்தட்ட ஐந்து குறைந்துவிடும். ஆக 33, 34 காட்டும். கீழே வைத்த அளவே அப்படியே இருக்கிறது என்று தோன்றும், உண்மையில் இரண்டு மாற்றங்கள் ஒன்றை ஒன்று அழித்திருக்கும். வெயிலில் ஓடிச் சூடானதும் இது மாறும்; காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து பழகுங்கள்.

டர்போ இல்லாத என்ஜின் 100 மீட்டருக்குச் சுமார் ஒரு சதவீதம் வலுவை இழக்கும். 4,500 மீட்டரில் நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விடும். பழுது என்று பயந்து நடுவழியில் எதையும் கழற்றாதீர்கள். லோ ரேஞ்சில் போட்டு நிதானமாக ஏறுங்கள். இறக்கம்தான் ஆபத்தானது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடாகி, ஒரு வளைவில் மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது. எந்த கியரில் ஏறினீர்களோ அதிலேயே, வேண்டுமானால் அதைவிடக் கீழே ஒன்றில் இறங்குங்கள். பிரேக் திரவத்தைக் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள். ஈரம் சேர்ந்த பழைய திரவம் சீக்கிரம் கொதிக்கும். லோ கியரில் எரிபொருள் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு, சில நாள் இரண்டு மடங்கு ஆகும். டீசல் வண்டிக்குக் குளிர்கால டீசல் கிடைக்கும் இடத்தில் அதையே நிரப்புங்கள். சாதாரண டீசலில் கடுங்குளிரில் மெழுகு உறைந்து ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

சிக்கிய வண்டியை இழுப்பதில் ஒரே ஒரு விஷயத்தைக் கையைப் பிடித்துச் சொல்கிறேன். வண்டியின் பின்னால் டிரெய்லர் கோக்க வைத்திருக்கும் உருண்டைக் கொக்கியில் இழுவைக் கயிற்றை மாட்டாதீர்கள். விசையில் அது உடைந்து பீரங்கிக் குண்டுபோலப் பறக்கும், ஆட்கள் செத்திருக்கிறார்கள். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு போல்ட் போட்ட இழுவைப் புள்ளியும், தாங்கும் எடை குறித்த ஷேக்கிளும் (கயிற்றை மாட்டும் இரும்பு வளையம்) மட்டும். இழுக்கும்போது கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. உண்மையில் பத்துச் சிக்கலில் ஏழு எட்டு, மண்வெட்டியாலும் டயருக்கு அடியில் வைக்கும் பலகையாலும் காற்றை இன்னும் குறைப்பதாலும் தீர்ந்துவிடும்.

முகாமுக்கு வருவோம். மாலை நான்கு மணிக்கு வண்டி நிற்க வேண்டும், வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் எழ வேண்டும். பள்ளத்தாக்கின் அடிமட்டத்தில் போடாதீர்கள். இரவில் குளிர்காற்று கனத்து அங்கே வந்து தேங்கும். இருபது முப்பது மீட்டர் மேடான இடத்தில் உண்மையிலேயே குளிர் குறைவு. காய்ந்த ஓடைப் படுகை மணலாக, மெத்தென்று, கூப்பிடுவதுபோல இருக்கும். போகாதீர்கள், மேலே பெய்யும் மழை உங்களுக்குச் சொல்லிவிட்டு வராது. மேலே பார்த்து, புதிதாக உடைந்து விழுந்த கற்கள் சரிவில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். படுக்கைக்குக் கீழே போடும் விரிப்பில் சிக்கனம் பிடிக்காதீர்கள், நம் சூட்டைத் தரைதான் அதிகம் உறிஞ்சும்.

அடுப்பில் எல்லோரும் ஏமாறுவது கேஸ் குப்பியில். பியூட்டேன் கடுங்குளிரில் ஆவியாக மறுத்துவிடும். குப்பி நிறைய இருக்கும், தீ வராது. ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த குப்பியோ பெட்ரோல் அடுப்போ வாங்குங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பும் தானியமும் வேகாது. சிறிய குக்கர் ஒன்று அவசியம். ஆனால் எவ்வளவு குளிரினாலும் கூடாரத்துக்குள் அடுப்பையோ கரியையோ எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தலைவலி வரும், உயரத்தால் வந்தது என்று நினைத்துத் தூங்கிவிடுவீர்கள்.

மூன்று வண்டிகள் பிரியாமல் போக ஒரே விதி போதும்: ஒவ்வொரு ஓட்டுநரும் தனக்குப் பின்னால் வருபவருக்குப் பொறுப்பு. பாதை பிரியும் இடத்தில் பின்வண்டி கண்ணாடியில் தெரியும்வரை நில்லுங்கள். அனுபவம் குறைந்தவர் நடுவில். கைபேசி எடுக்காத இடத்துக்கு வாக்கி டாக்கி நல்லது. செயற்கைக்கோள் கருவி எடுத்துப் போவதென்றால், இந்தியா உட்படச் சில நாடுகளில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம் என்பதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கழிவுக்கு, தண்ணீரிலிருந்து எழுபது தப்படி தள்ளி ஒரு சாண் ஆழத்துக்குக் குழி. காகிதம் திரும்பிப் பையில் வரட்டும். அந்தக் குளிரில் அது மக்க வருடக்கணக்காகும்.

இப்போது உங்கள் தாளை எடுத்து இப்படித் திருத்துங்கள். முதல் இரவு 2,700 மீட்டரில், இரண்டாவது 3,100-இல். மூன்றாம் நாள் 3,950 மீட்டர் கணவாயைக் கடந்து, அப்பாலுள்ள 3,600 மீட்டர் பள்ளத்தாக்கில் கூடாரம். நான்காம் நாள் கூடாரத்தைப் பிரிக்காமல், வெறும் வண்டியோடு 4,500 மீட்டர் கணவாய்க்கு ஏறி, மதியத்துக்குள் இறங்கி அதே இடத்தில் படுங்கள். ஐந்தாம் நாள் காலை எட்டுப் பேரையும் நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். ஆறே நாள்தான் உண்டு என்றால் அன்று வந்த வழியே திரும்பி 2,700-இல் படுத்து, ஆறாம் நாள் ஊர் சேருங்கள்; 4,900-உம் 4,700-உம் அடுத்த வருடம். நான்கு கணவாயும் வேண்டுமென்றால் ஐந்தாம் இரவு 4,000, ஆறாவது 4,200, ஏழாவது 3,000 என்று போய் எட்டாம் நாள் முடியும். அதற்கு மேல் வானிலைக்காக ஒரு நாள் கையில் வைத்திருங்கள். அலுவலகத்தில் ஒன்பது நாள் விடுப்பு கேளுங்கள்.